கிடங்குமேட்டுச் சுவரும் தர்மவதியம்மாவும்

இல்லை மீனம்பா, அந்தப் பேச்சை என் எதிரில் பேசாதே. தர்மவதியம்மா யார் பின்னாலும் போகவில்லை. அவரை யாரும் துரத்தவும் இல்லை. கொத்தனார் ஆரோக்கியத்தோடு சேர்த்துப் பேசுகிறீர்களே, அந்த மனுஷன் செய்தது என்ன? காலியாகக் கிடந்த ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தான். கேட்டபோது கொடுத்தான். அதற்கு இத்தனை கதையா? வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவராகிவிட்டார் என்று ஒருத்தி சொல்கிறாள். தம்பி பெண்டாட்டி சோறு போடவில்லை என்று இன்னொருத்தி. இதையெல்லாம் எங்கே நின்று பேசுகிறீர்கள்? கிணற்றடியில். எந்த வழியாகக் கிணற்றடிக்கு வந்தீர்கள்? சுவரில் இருக்கிற வாசல் வழியாக. அந்த வாசல் தானாகப் பிளந்துகொண்டதா? அவர் வீட்டை விட்டு இறங்கினதால்தான் சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த வாயால் அவரைப் பேசுகிறீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் அன்றைக்கு அவருடைய தகரப் பெட்டி என் தலையில்தான் இருந்தது.

இந்தக் கிடங்குமேடு முன்னே மல்லாட்டைக் கிடங்கு, வேர்க்கடலை என்று சொல்வார்களே, அது. வல்லத்துப் பக்கமிருந்து வருகிற வண்டியெல்லாம் இங்கேதான் மூட்டை இறக்கும். நாங்கள் மல்லாட்டை உடைக்கிற பெண்கள். கிடங்குச் சுவரை ஒட்டிப் பதினாறு குடிசை போட்டுக்கொண்டு இருந்தோம். ஐம்பத்தெட்டில் கிடங்கு எரிந்தது. முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். கரி பிடித்த சுவரும், சாம்பலும் தகரமும் விழுந்து மூடின கிணறும், நாங்களும் மிச்சம். அந்தக் கிணற்றை யார் தூர் வாரினது? நாங்கள். ஒன்பது நாள் கூடை மாற்றினோம். முன்வரிசைக்காரர்களில் ஒருவர்கூட அப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அறுபத்தொன்றில் வீட்டுச் சங்கம் என்று ஒன்று கூடியது. அரிசி மண்டி அரிகிருஷ்ணன் அதற்குத் தலைவர். எரிந்த இடத்தைச் சீர்படுத்தி வீடு கட்டப் போகிறோம் என்றார்கள். முன்வரிசை சொந்த வீடு. நடுவரிசை தவணை வீடு, பணம் கட்டி முடித்தால் சொந்தமாகிவிடும். பின்வரிசை வாடகை வீடு, அது எங்களுக்கு. பின்வரிசை என்ன, எங்கள் மேல் இருந்த பாசத்திலா வந்தது? குடிசைக்காரர்களுக்கும் வீடு கட்டினால்தான் சர்க்கார் இந்த இடத்தைக் கொடுக்கும் என்று இருந்தது. அதற்காகக் குடிசை வாசலில் எங்களை நிற்க வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். என் முகத்தைக் காட்டி இடம் வாங்கினவர்கள் அவர்கள். அறுபத்துமூன்றில் வீடு திறந்த அன்றைக்கு அரிகிருஷ்ணன் மைக்கில், மூன்று வரிசையும் ஒரே குடும்பம் என்றார். கிணறு பொது என்றார். நாங்கள் கை தட்டினோம்.

தர்மவதியம்மா சமண மதத்து நயினார் வீட்டு அம்மா. புருஷன் அப்பாண்டைநாதன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சங்கத்தில் முதல் ஆளாகச் சேர்ந்து, கடைகால் போட்ட வருஷத்திலேயே செத்துப் போனார். பிள்ளை இல்லை. முன்வரிசை இரண்டாம் நம்பர் அந்தம்மா பேருக்கு வந்தது. துணைக்கு இருக்கிறேன் என்று தம்பி நேமிராஜ் பெண்டாட்டியையும் மகளையும் அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நேமிராஜுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார்.

நான் அந்த வீட்டில் வாசல் பெருக்கி, மாடு கட்டுகிற இடம் கழுவுவேன். அந்தம்மாவைத் தங்கம் என்று சொல்லமாட்டேன். வாய் கொடுக்க முடியாது. எறும்பு மேல் கால் வைத்துவிட்டால் என்னை அரை மணி நேரம் பேசுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், வெங்காயம் கிழங்கு வீட்டுக்குள் வரக்கூடாது. பின்வரிசைப் பக்கம் நாலு வருஷத்தில் ஒரு தரம்கூட வந்ததில்லை. அதுவும் உண்மைதான், மறைக்கவில்லை.

அவர் தண்ணீர் எடுப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. குடத்து வாயில் வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் கட்டி, அதன் மேல்தான் தண்ணீரை ஊற்றுவார். துணியில் தங்குகிற பொடிப் பூச்சி, கண்ணுக்குத் தெரிவது தெரியாதது எல்லாவற்றையும் ஒரு சின்னச் சொம்பில் அலசி எடுப்பார். அந்தச் சொம்புக்கு இரண்டு கயிறு. ஒன்று கழுத்தில், ஒன்று அடியில். அப்படியே கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரைத் தொட்ட பிறகு அடிக்கயிற்றை இழுத்துக் கவிழ்ப்பார். மேலிருந்து கொட்டினால் அதுகள் அடிபட்டுச் சாகுமாம். எந்தத் தண்ணீரிலிருந்து எடுத்தோமோ அந்தத் தண்ணீரிலேயே விட வேண்டுமாம், வேறு தண்ணீரில் விட்டாலும் சாகுமாம். அவர்கள் வேதம் அப்படி. கங்கைத் தண்ணீராக இருந்தாலும் அந்தம்மா வடிகட்டித்தான் குடிப்பார்.

அந்தத் துணியை வைத்துத்தான் எங்கள் கிணற்றைப் பிடுங்கினார்கள்.

முன்வரிசைக்கு நாங்கள் கிணற்றில் கயிறு போடுவது பிடிக்கவில்லை. இன்னார் தொட்ட கயிற்றை இன்னார் தொடுவதா என்று அவர்கள் வீட்டுக்குள் பேசுவதை வாசல் பெருக்குகிற என் காது கேட்கும். வெளியே சொல்ல முடியாது, எங்களைப் படம் பிடித்துச் சர்க்காருக்குக் கொடுத்தவர்கள் ஆயிற்றே. அதனால் தண்ணீர் கெட்டுப் போகிறது என்று மனு எழுதினார்கள். அறுபத்தாறு சித்திரையில் திண்டிவனத்திலிருந்து ஒரு அதிகாரி பார்க்க வந்தார். அரிகிருஷ்ணன் அவரை நேராகக் கிணற்றடிக்கு அழைத்து வந்தார். அந்த நேரம் தர்மவதியம்மா துணி கட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா அந்த நேரம்தான் வருவார் என்று தெரிந்துதான் அரிகிருஷ்ணன் அழைத்து வந்திருப்பார் என்று நான் சொல்வேன்.

"இந்தத் தண்ணிய அப்படியே குடிப்பீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"வடிகட்டாம வாயில வெக்கமாட்டேன்" என்றார் அந்தம்மா. அதோடு விட்டிருக்கலாம். தன் ஆசாரத்தை ஒரு படித்த மனுஷன் அக்கறையாகக் கேட்கிறார் என்று அவருக்குப் பெருமை. துணியை வெயிலில் விரித்துப் பிடித்து, "பாருங்க, எத்தினி உசுரு நெளியுதுன்னு" என்று காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டு கயிற்றுச் சொம்பைப் பற்றி அந்தம்மா சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் ஃபைலை மூடிவிட்டார்.

மறுநாள் நேமிராஜ் ஒரு காகிதம் நீட்டினார். சங்கத்துக் காகிதம் என்றார். தம்பி நீட்டினதால் அந்தம்மா கையெழுத்துப் போட்டார். கிணற்றில் புழு நெளிவதைக் காட்டினேன், பின்வரிசையார் புழங்குவதுதான் காரணம் என்று அதில் இருந்தது.

இப்போது கோபப்படு மீனம்பா. ஆனால் அதே வாரத்தில் நீயும் நானும் என்ன செய்தோம்? பின்வரிசைக்குத் தனியாக அடிபம்பு வருகிறது என்று சொல்லி நம்மிடம் பெருவிரல் வாங்கினார்கள். பதினாறு வீடும் வரிசையில் நின்று மையில் விரல் தோய்த்தோம். பம்பு வந்தால் சுவர் வைக்கச் சம்மதம் என்று கீழே எழுதியிருந்ததாம். அந்தம்மா படிக்கத் தெரிந்தும் படிக்காமல் போட்டார். நாம் படிக்கத் தெரியாமல் போட்டோம். நம் விரலை மறந்துவிட்டு அவர் கையெழுத்தை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

சுவர் பத்தே நாளில் எழும்பியது. ஆள் உயரத்துக்கு மேல், தலையில் கண்ணாடிச் சில்லு பதித்து. கிணறும் நடுவரிசையும் அந்தப் பக்கம். நடுவரிசைக்காரர்கள் பேசவில்லை. நாளைக்குச் சொந்தக்காரர்கள் ஆகப் போகிறவர்கள் அல்லவா. அடிபம்பும் வந்தது. பன்னிரண்டு அடியில் பாறை. செஞ்சியில் எங்கே தோண்டினாலும் பாறைதான் என்று குழந்தைக்குத் தெரியும், எஞ்சினியருக்குத் தெரியவில்லை. பத்து நாள் சொட்டியது. அப்புறம் கைப்பிடியில் ஈரத்துணி காயப்போட்டோம், அதற்கு உதவியது.

பிறகு செட்டிக்குளத்துக்கு நடந்தோம். போக வர ஒரு நாழிகைக்கு மேல். வேலைக்குப் போகிறவர்கள் பாடு நாய் படாது. ஒன்பதாம் நம்பர்க்காரர்கள் தண்ணீருக்காகவே வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரோடு போய்விட்டார்கள். அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் மரியசெல்வி, எட்டாம் நம்பர் பால்சாமி பெண்டாட்டி, குளத்துப் படிக்கட்டில் பாசி வழுக்கி விழுந்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள், மறுநாள் காலையில் சுவரடியில் நின்று கத்தினாள். "புழு காட்டின நயினாரம்மா, என் கைய வந்து பாரு. இதுலயும் ஏதாச்சும் நெளியுதான்னு துணி போட்டுப் பாரு."

நான் அப்போது இரண்டாம் நம்பர் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன். அந்தம்மா உள்ளேயிருந்து வந்தார். யாரைச் சொல்கிறாள் என்று கேட்டார். உங்களைத்தான் என்றேன். எனக்கும் மனசில் ஒரு வருஷத்துக் கோபம் இருந்தது, அதனால் மெல்லச் சொல்லவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுத்தானே எங்கள் கிணறு போனது என்று நேராகவே கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தப் பெண்பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. சுவர் திருடனுக்காக என்று தம்பி சொல்லியிருந்தாராம். அதை நம்பி, ஒரு வருஷம் அந்தச் சுவர் நிழலிலேயே தண்ணீர் வடிகட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்காமல் இருந்தது அவர் தப்பு. அதை அவரே சொன்னார்.

நேமிராஜ் காகிதத்தின் நகலைக் காட்டமாட்டேன் என்றார். அந்தம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை, யாரையும் சமைக்க விடவும் இல்லை. மத்தியானத்துக்குள் காகிதம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு தரம் படித்தார். அடுத்த நாள் முதல் பஸ்ஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் கிளம்பினார்.

அதிகாரி மறந்திருக்கவில்லை. நீங்கள் காட்டினதைத்தானே எழுதினேன் என்றார். அந்தம்மா வாதம் பண்ணவில்லை. மேஜை மேல் இருந்த மண்பானையைக் காட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். பியூன் கொடுத்தான். இடுப்பிலிருந்து துணியை எடுத்து அந்த டம்ளர் தண்ணீரை அவர் எதிரிலேயே வடிகட்டிக் குடித்தார். துணியை இன்னொரு டம்ளரில் அலசினார். "இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டார். ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற கிணறு என்றான் பியூன். டம்ளரைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தம்மா முன்னால் போக, பியூன் பின்னால் போக, அதற்குப் பின்னால் நானும் போனேன். அங்கே இருந்த வாளியில் வைத்து இறக்கி, தண்ணீரைத் தொடவிட்டுக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தோம். அதிகாரி ஜன்னலண்டை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தண்ணியிலயும்தான் உசுரு இருக்குது. உங்க ஆபீசு கிணத்துக்குச் சொவுரு வெப்பீங்களா?" என்றார் அந்தம்மா.

அந்த மனுஷன் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு ஃபைலை எடுத்துப் புரட்டினார். உத்தரவு ஆகிவிட்டது, பின்வரிசையார் விரலும் இருக்கிறது, அதை இனி மாற்ற என்னால் ஆகாது என்றார். ஆனால் சங்கத்துச் சட்டத்தில் ஒன்று இருக்கிறது என்றார். உறுப்பினர் குடியிருக்கிற வீட்டுக்குப் பொதுக்கிணற்றுக்கு வழி விட்டே ஆக வேண்டும். வாடகைக்காரர்கள் உறுப்பினர் இல்லை, அதனால் அவர்களுக்கு அது செல்லாது. பின்வரிசையில் உறுப்பினர் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். இருந்து, மனு கொடுத்தால், சுவரில் வாசல் வைக்கச் சொல்லி நானே எழுதுவேன் என்றார். வாசல் என்று ஒன்று வைத்துவிட்டால் யார் போனார் யார் வந்தார் என்று பார்க்க எனக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்க்கவில்லை, ஃபைலைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அந்தம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தீவனூர் தாண்டின பிறகுதான் வாய் திறந்தார். "ஒம்போதாம் நம்பரு இன்னும் காலியாத்தான இருக்குது, காத்தாயி?"

எனக்குத் தூக்கிப் போட்டது. நான்தான் தடுத்தேன், இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டு வீடு, ஒரே அறை, பக்கத்தில் கருவாடு வறுப்பார்கள், கோழி அறுப்பார்கள், உங்களால் ஒரு நாள் இருக்க முடியாது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மறுப்பும் சொல்லவில்லை, மனசு மாறினதாகவும் தெரியவில்லை.

ஒன்பதாம் நம்பருக்கு மனுப் போட்டார். முன்வரிசை ஆடிப்போய்விட்டது. உறுப்பினர் வாடகை வீடு கேட்டால் கொடுக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அப்படி ஒருத்தர் கேட்பார் என்று எழுதினவனுக்குத் தோன்றவில்லை. அரிகிருஷ்ணன் இரண்டாம் நம்பருக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உங்கள் புருஷன் பேர் என்ன ஆகும், உங்கள் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்றார். நல்லதுக்குச் சொல்வது போலத்தான் பேசினார், அந்த ஆள் எப்போதும் அப்படித்தான். பின்வரிசைக்கு வாரம் ஒரு வண்டித் தண்ணீர் அனுப்பச் சொல்கிறேன், இதோடு விடுங்கள் என்றார். அந்தம்மா ஒரே கேள்வி கேட்டார். உங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு வண்டி போதுமா என்று. அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். தடுக்கச் சட்டம் இல்லாததால் ஒன்பதாம் நம்பர் அந்தம்மா பேருக்கு எழுதியானது, ஆரோக்கியத்திடம் சாவியும் வாங்கியாயிற்று.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், காலை எட்டு மணி இருக்கும். என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். தகரப் பெட்டி ஒன்று, பித்தளைக் குடம் ஒன்று, பூஜைச் சாமான் ஒரு மூட்டை, பாய். இவ்வளவுதான். அந்த வீட்டில் மரக்கட்டில் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, அப்பாண்டைநாதன் மாட்டின கடிகாரம் இருந்தது. எதையும் தொடவில்லை.

நேமிராஜ் வாசற்படியில் குறுக்கே நின்றார். அவரை நான் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"பொண்ணு பாக்க வராங்கக்கா. பத்து நாள்தான் இருக்குது. அத்தை எங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்லுவேன்?"

"பின்னால இருக்குதுன்னு சொல்லு. வந்து பாக்கட்டும்."

"நான் எழுதினது தப்புதான். ஊரே எழுதச் சொல்லிச்சு. அதுக்கு நீ வீட்ட விட்டுப் போவணுமா?"

"நீ எழுதினதுக்கு நான் போவல. நான் படிக்காம கையெழுத்துப் போட்டதுக்குப் போறேன். வழிய விடு, நேமி."

அவர் விடவில்லை. அந்தம்மாவும் பின்வாங்கவில்லை. பெட்டி என் தலையில் கனத்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி, வாசலில் நிற்காதீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள் என்றாள். அவமானத்துக்குப் பயந்துதான் அவர் நகர்ந்தார், மனசு வந்து நகரவில்லை. அந்தம்மா படி இறங்கினார்.

நேரே போனால் இரண்டாம் நம்பர் கொல்லையிலிருந்து பின்வரிசைக்கு முப்பது தப்படி. சுவர் இருக்கிறதே. முன்தெருவில் இறங்கி, பஸ் நிற்கிற ரோட்டில் ஏறி, ரேஷன் கடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முன்வரிசை பூராவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தது. நடுவரிசை ஜன்னல் வழியாகப் பார்த்தது. அந்தம்மா யாரையும் பார்க்காமலும் இல்லை, தலை குனியவும் இல்லை. அரிகிருஷ்ணன் வீட்டு வாசலில் மட்டும் நின்று, வாசல் வைக்கச் சொல்லி இன்றைக்கே மனு அனுப்புகிறேன், சங்கத்தில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள் என்று அவர் வீட்டு அம்மாளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

பின்வரிசைச் சந்தில் மரியசெல்வி நின்றிருந்தாள். கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. அவள் வழி விடவில்லை.

"எதுக்கும்மா வந்தீங்க?"

"கெணத்துக்கு வழி கேக்க ஒரு மெம்பரு இங்க குடியிருக்கணுமாம். அதுக்கு வந்தேன்."

"வந்தா என் கை கூடிடுமா?"

"கூடாது" என்றார் தர்மவதியம்மா. குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பி, ஒன்பதாம் நம்பர் எது என்று கேட்டார். நாலு வருஷம் முப்பது தப்படி தூரத்தில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த கையை விட்டு நான் காட்டினேன்.